நாம் இல்லாத வகுப்பறையிலும் நடக்கும் விளையாட்டு

(ஆசிரியர் பயிற்சியின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப்பள்ளி ஆசிரியர்களும் இன்று ஒரே அரங்கில் அமர்ந்திருக்கிறோம். நாம் நடத்தும் பாடம் வேறு, நம் பிள்ளைகளின் வயது வேறு. ஆனாலும் நம் எல்லோரிடமும் ஒரு பழக்கம் பொதுவாக இருக்கிறது. பாடம் பிடிபடவில்லை என்று தெரிந்தால் நாமாகவே ஒரு விளையாட்டை உருவாக்கிவிடுவோம். வாய்பாட்டுக்கு ஒரு சீட்டு விளையாட்டு, வல்லினம் மிகும் இடங்களுக்கு ஒரு பரமபதம், உள்ளாட்சி பற்றிய பாடத்துக்கு ஒரு மாதிரி கிராம சபை. நம் வகுப்பில் அது அமர்க்களமாக நடக்கும்.

அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் கேட்டு வாங்கிப் போவார். இரண்டு வாரம் கழித்து, "உங்க வகுப்புல நல்லாத்தான் இருந்துச்சு சார், எங்க பிள்ளைங்ககிட்ட எடுபடல" என்பார். நமக்குப் பணியிட மாறுதல் வந்தால் நிலைமை இன்னும் மோசம். அட்டைகளை எல்லாம் பீரோவில் வைத்துவிட்டு வருவோம். நமக்குப் பின்னால் வருபவர் எடுத்துப் பார்ப்பார். வண்ண அட்டைகள் இருக்கும், எண்கள் இருக்கும். ஆனால் அவற்றை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. விளையாட்டில் பாதி அட்டையில் இருந்தது, மீதி நம் தலையில் இருந்தது. அந்த மீதிப் பாதி நம்மோடு ஊர் மாறிவிட்டது.

நண்பர்கள் வட்டத்தில் மட்டும் ஆடப்பட்ட ஒரு விளையாட்டு, முன்பின் தெரியாதவர்கள் கடையில் வாங்கி ஆடும் பொருளாக மாறிய வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அந்த மீதிப் பாதியைத் தாளில் இறக்க என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பது அந்த வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது.

கதையும் பகடையும்

அந்த விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நிலவறைகளும் டிராகன்களும் என்று பொருள். 1974 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்தது. பாத்திரமேற்பு விளையாட்டு என்ற வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு இதுதான். நம் மாணவர்கள் இன்று கைப்பேசியில் விளையாடும்போது 'லெவல்' ஏறிவிட்டது, 'எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட்' கிடைத்தது என்று பேசிக்கொள்கிறார்களே, அந்த வழக்கத்தைப் பரப்பியது இந்த விளையாட்டு. அது கணினியே தேவைப்படாத விளையாட்டு. தாள், பென்சில், பகடை போதும்.

பி.எட். படித்தபோது 'பாத்திரமேற்று நடித்தல்' என்று ஒரு கற்பித்தல் முறை படித்தோம். இது அதற்கு நெருங்கிய உறவு. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் ஏற்பார்கள். ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி. நடுவர் சூழலைச் சொல்வார்: "பாழடைந்த கோட்டை. எதிரே ஒரு மரக்கதவு. பூட்டியிருக்கிறது." ஒருவர் சொல்வார்: "நான் கதவில் காது வைத்துக் கேட்கிறேன்." உள்ளே இருக்கும் ஓசை அவருக்குக் கேட்டதா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். அதற்கேற்ப நடுவர் கதையை நகர்த்துவார்.

வகுப்பறை நாடகத்துக்கும் இதற்கும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. எழுதி வைத்த வசனம் கிடையாது. முயற்சி பலித்ததா என்பது யாருடைய விருப்பத்தையும் பொறுத்ததல்ல, விதியும் பகடையும் சேர்ந்து சொல்லும். இந்த இரண்டால்தான் இது விளையாட்டாகிறது. இதை எழுதி அடுத்தவருக்குக் கொடுப்பது கடினமாக இருப்பதற்கும் இவையே காரணம்.

குழப்பத்தில் பிறந்த ஆட்டம்

1960-களில் அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் போர் விளையாட்டு ஆடும் குழுக்கள் பல இருந்தன. சின்னஞ்சிறு பொம்மை வீரர்களை மேசையில் அணிவகுத்து, பழைய போர்களை விதிமுறைப்படி நடத்திப் பார்ப்பார்கள். மினசோட்டா மாநிலத்தின் மினியாப்பொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரப் பகுதியில் அப்படி ஒரு குழு இருந்தது.

அந்தக் குழுவைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி 1969-இல் ஒரு மாற்றம் செய்து பார்த்தார். நெப்போலியன் காலத்துப் 'பிரான்ஸ்டைன்' என்று ஒரு கற்பனை ஊர். படைகளை நடத்துவதோடு, ஆட்டக்காரர்களில் சிலருக்கு ஊரின் மேயர், வங்கி உரிமையாளர், பல்கலைக்கழகத் தலைவர் என்று தனித்தனிப் பொறுப்புகள் கொடுத்தார். ஆட்டம் தொடங்கியதும் ஒழுங்கு குலைந்தது. அவரவர் தனித்தனியே போய்ப் பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். ஆட்டம் கெட்டுவிட்டது என்றுதான் வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மறுபடியும் வேண்டும் என்று கேட்டார்கள். வகுப்பில் சத்தம் அதிகமான நாளில் 'இன்று பாடம் கெட்டது' என்று நாம் நினைத்திருக்க, மறுநாள் பிள்ளைகள் அதையே திரும்பக் கேட்பார்களே, அதுபோல.

வெஸ்லி ராணுவப் பணிக்குப் போனபிறகு அதே குழுவின் டேவ் ஆர்னெசன் அந்த முறையைத் தொடர்ந்தார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர் அவர். 1971-இல் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை உருவாக்கினார். அதன் கோட்டைக்கு அடியில் நிலவறைகள். நண்பர்கள் அவற்றுக்குள் இறங்கிப் புதையல் தேடினார்கள். ஒரு வாரம் பிழைத்த பாத்திரம் அடுத்த வாரமும் தொடர்ந்தது, அனுபவத்தால் வலிமை பெற்றது. இந்த விளையாட்டின் உயிர்நாடிகள் பெரும்பாலும் அங்கே பிறந்துவிட்டன.

ஆனால் அதை ஆட வேண்டுமானால் ஆர்னெசன் இருக்கும் மேசைக்குத்தான் போக வேண்டும்.

20 பக்கக் குறிப்பு நூலானது

விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா ஒரு சிறு ஊர். கேரி கைகாக்ஸ் அங்கே வாழ்ந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், ஆனால் ஓயாமல் படிப்பவர். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தார். 1970-இல் அந்த வேலை போய்விட்டது. அதன்பிறகு வீட்டிலேயே செருப்பு, ஷூ பழுதுபார்த்துக் குடும்பத்தை நடத்தினார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். போர் விளையாட்டில் அவருக்கு இருந்த ஈடுபாடு சாதாரணமானதன்று. 1968-இல் ஊரிலிருந்த தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்து விளையாட்டு ஆர்வலர்களைக் கூட்டினார். இன்று பல்லாயிரம் பேர் கூடும் 'ஜென் கான்' மாநாட்டின் தொடக்கம் அது. 1971-இல் ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டு விதி நூலை வெளியிட்டார். அதன் பிற்சேர்க்கையில் மந்திரவாதிகளும் டிராகன்களும் வந்தனர். ஆர்னெசனும் அந்த விதிகளைத் தம் ஆட்டத்தில் எடுத்தாண்டார்.

1972-ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்னெசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து பிளாக்மூரைக் கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். கைகாக்ஸுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. விதிகளை எழுதி அனுப்பும்படி கேட்டார். வந்தது ஏறத்தாழ 20 பக்கக் குறிப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஓராண்டுக்கும் மேலாக நடந்துவந்த ஆட்டம் எழுத்தில் 20 பக்கம்தான் இருந்தது. மற்றதெல்லாம் ஆர்னெசனின் நினைவிலும் சமயோசிதத்திலும் இருந்தது. அவரைக் குறைசொல்ல இதைக் கூறவில்லை. மேசையில் உட்கார்ந்து நடத்துபவருக்கு அவ்வளவு போதும். நம்மில் நன்றாகப் பாடம் நடத்துபவர்களின் பாடக்குறிப்பும் பலநேரம் சுருக்கமாகத்தான் இருக்கும்.

கைகாக்ஸ் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தார். முதலில் சுமார் 50 பக்க வரைவு. அவருடைய மகன் எர்னியும் மகள் எலிஸும் முதல் ஆட்டக்காரர்கள். பிறகு அந்த வரைவை வெளியூர்களில் இருந்த விளையாட்டு நண்பர்களுக்கு அனுப்பினார். மிக முக்கியமான படி இது என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் ஆடும்போது அப்பா பக்கத்தில் இருக்கிறார், சந்தேகம் வந்தால் வாயால் சொல்லிவிடுவார். வெளியூர்க்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களிடமிருந்து வந்த கேள்விகளும் கருத்துகளும் எங்கே எழுத்து போதவில்லை என்று காட்டின. அவற்றை வைத்துத் திருத்தியபோது வரைவு சுமார் 150 பக்கமாக வளர்ந்தது.

ஆயிரம் பெட்டிகள்

எழுதியாயிற்று. வெளியிடுவது யார்? அன்றைய பெரிய பலகை விளையாட்டு நிறுவனமான அவலான் ஹில் ஆர்வம் காட்டவில்லை. பலகை இல்லாத, வென்றவர் தோற்றவர் இல்லாத, முடிவே இல்லாத ஆட்டம் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

1973 அக்டோபரில் கைகாக்ஸும் அவருடைய இளமைக்கால நண்பர் டான் கேயும் சேர்ந்து 'டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ்' என்ற பெயரில் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். ஆளுக்கு 1000 டாலர். டான் கே தமது ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி அந்தத் தொகையைப் போட்டார். பணம் போதவில்லை. முதலில் வேறொரு சிறிய போர் விளையாட்டு நூலை வெளியிட்டுப் பார்த்தார்கள், அதிலும் போதிய வருமானம் வரவில்லை. பிறகு பிரையன் புளூம் என்பவர் 2000 டாலர் போட்டுக் கூட்டாளியானார். அதன்பிறகே அச்சுக்குப் போக முடிந்தது.

1974 ஜனவரியில் 1000 பெட்டிகள் தயாராயின. மூன்று சிறு புத்தகங்களும் சில குறிப்புத் தாள்களும் அடங்கிய பெட்டி. விலை 10 டாலர். வீட்டிலேயே உட்கார்ந்து கையால் அடுக்கிப் பெட்டி கட்டினார்கள். ஓராண்டுக்குள் ஆயிரமும் விற்றுத் தீர்ந்தன. அடுத்த ஆயிரம் அதைவிட விரைவாகப் போயிற்று. பெரிய விளம்பரம் ஏதும் இல்லை. ஆடிப் பார்த்தவர் நண்பருக்குச் சொன்னார். குழுவாகக் கூடி ஆடும் ஆட்டம் என்பதால், ஒரு பெட்டி வாங்கியவர் மற்றவர்களையும் சேர்த்தாக வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடக் கடையில் கிடைத்த பகடை

கணித ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் தாயக்கட்டைக்கு நான்கு பக்கம், லூடோ பகடைக்கு ஆறு பக்கம். இந்த விளையாட்டுக்கு 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்ட ஐந்து வகைப் பகடைகள் தேவைப்பட்டன. வடிவியலில் ஒழுங்கான திண்மங்கள் என்று சொல்லப்படும் ஐந்தும் இவைதாம். அன்றைக்கு எந்த விளையாட்டுக் கடையிலும் இவை கிடைக்கவில்லை. பள்ளிகளுக்குக் கற்பித்தல் துணைக்கருவி விற்கும் கலிபோர்னியாவின் 'கிரியேட்டிவ் பப்ளிகேஷன்ஸ்' நிறுவனத்திடம் கிடைத்தன. கணித வகுப்புக்காகச் செய்யப்பட்டவை அங்கிருந்து விளையாட்டு மேசைக்குப் போயின. இன்று உலகெங்கும் விற்கப்படும் 20 முகப் பகடைக்குப் பள்ளிக்கூட டி.எல்.எம். ஒரு மூதாதை.

பிற்காலத்தில் அதே பகடை பள்ளிக்குத் திரும்பியும் வந்தது. ஆர்னெசன் கலிபோர்னியாவில் சிறப்புக் கல்வி பெறும் குழந்தைகளோடு பணியாற்றினார். பல முகப் பகடைகளைக் கொண்டு கணக்குச் சொல்லிக் கொடுப்பது பற்றியும் பாத்திரமேற்பு விளையாட்டின் கல்விப் பயன் பற்றியும் பள்ளிகளில் பேசினார். ஃபுளோரிடாவின் ஃபுல் செயில் நிறுவனத்தில் விளையாட்டு வடிவமைப்பு கற்பித்தார்.

நிகழ்தகவு நடத்தும்போது இதை நாமும் பயன்படுத்தலாம். 20 முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் விழும் வாய்ப்பு 20-இல் 1, எல்லாம் சமம். இந்த விளையாட்டின் முதல் பதிப்பில் பாத்திரத்தின் வலிமை, அறிவு போன்ற ஆறு பண்புகளுக்கும் மூன்று சாதாரணப் பகடைகளை உருட்டிக் கூட்டினார்கள். மொத்தம் 216 விளைவுகள். 18 வருவதற்கு ஒரே ஒரு வழி. 10 வருவதற்கு 27 வழிகள், 11-க்கும் 27. அதனால் நடுத்தர வலிமை உள்ளவர்கள் நிறையப் பேர், பெரும் பலசாலி அபூர்வம். பிள்ளைகளை 50 முறை உருட்டிப் பட்டைப் படம் வரையச் சொன்னால், நடுவில் மேடு எப்படி வருகிறது என்பதை அவர்களே காண்பார்கள்.

1979 வாக்கில் விற்பனை பெருகி, பகடை போதாமல் போயிற்று. அப்போது நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? எண் அச்சிட்ட அட்டையைப் பெட்டியில் வைத்து, வெட்டிக் குவளையில் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. நம் சீட்டுக் குலுக்கல்தான். பொருள் இல்லை என்று பாடம் நிற்காது என்பது நமக்குப் புதிதல்லவே.

விதி புரியவில்லை

விற்பனை நடந்தது. ஆனால் வாங்கியவர்களில் பலருக்கு விதிகள் புரியவில்லை. கைகாக்ஸ் அவ்வளவு திருத்தியும் ஒன்று விட்டுப்போயிருந்தது. வரைவைப் படித்துக் கருத்துச் சொன்ன வெளியூர் நண்பர்கள் ஏற்கெனவே போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்கள். ஆகவே நூலும் அவர்களைப் போன்றவர்களையே மனத்தில் வைத்துப் பேசியது. செயின்மெயில் நூல் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டது. புதிதாக வந்த கல்லூரி மாணவர், பள்ளி மாணவர் ஆகியோருக்கு அந்தப் பின்னணி இல்லை. நம் மொழியில் சொன்னால், முன்னறிவைச் சோதிக்காமலே பாடம் தொடங்கிவிட்டது.

இதற்கு மூன்று விடைகள் வந்தன. மூன்றும் நமக்குப் பயன்படும்.

முதல் விடை வெளியிலிருந்து வந்தது. அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் பொது நூலகத்தில் பணியாற்றிய கென் செயின்ட் ஆண்ட்ரே விதிகளைப் படித்துப் பார்த்தார். கருத்து பிடித்தது, விதிகள் பிடிக்கவில்லை. எளிய விதிகளோடு தாமே ஒன்று எழுதினார். அதற்குச் சாதாரண ஆறு முகப் பகடையே போதும். 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' என்ற அந்த விளையாட்டை 1975-இல் முதலில் 100 படிகள் மட்டும் அச்சிட்டார். 'ஃபிளையிங் பஃபலோ' என்ற சிறு நிறுவனம் அதை எடுத்துத் தொடர்ந்து வெளியிட்டது. 1976-இல் அந்நிறுவனம் 'பஃபலோ காஸில்' என்ற நூலைக் கொண்டுவந்தது. நடுவர் இல்லாமல் ஒருவரே ஆடலாம். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் தேர்வுகள் இருக்கும், தேர்வுக்கேற்ப அடுத்த பத்திக்குப் போக வேண்டும். பி.எட். வகுப்பில் நிரல்வழிக் கற்றல், அதில் கிளைவழி முறை என்று படித்தோமே, அமைப்பில் ஏறக்குறைய அதேதான்.

இரண்டாவது விடை ஒரு பேராசிரியரிடமிருந்து வந்தது. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியராக இருந்த ஜே. எரிக் ஹோம்ஸ், தொடங்குவோருக்கான நூலை எழுதித் தருவதாகத் தாமே முன்வந்தார். 1977-இல் 'பேசிக் செட்' வெளிவந்தது. அவர் புதிதாகக் கண்டுபிடித்தது அதிகமில்லை. இருந்ததை வரிசைப்படுத்தினார், விளக்கினார். முதல் மூன்று நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அடுத்த நூலுக்கு விட்டார். பாடத்தைப் படிநிலையாகப் பிரிப்பதும், இன்றைக்கு இவ்வளவு போதும் என்று நிறுத்துவதும் எவ்வளவு பெரிய திறமை என்பது நமக்குத் தெரியும்.

மூன்றாவது விடை 1983-இல் ஃபிராங்க் மென்ட்சர் திருத்திய பதிப்பு. இதில் விதிகள் முதலில் வரவில்லை, கதை வந்தது. வாங்கியவர் தனியாக உட்கார்ந்து படிக்கலாம். நீ ஒரு வீரன், குகைக்குப் போகிறாய் என்று கதை தொடங்கும். ஒரு பகைவன் எதிர்ப்பட்டதும் பகடையை உருட்டச் சொல்லும். தாக்குவது எப்படி என்ற விதி அந்த இடத்தில்தான் சொல்லப்படும். தேவை எழும்போது விதி வரும். ஒரு சுற்று ஆடி முடிக்கும்போது அடிப்படை விதிகள் கற்றாகிவிடும். முதல் பதிப்பு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆனபிறகுதான், சொல்லித்தர யாருமே இல்லாத பிள்ளையும் பெட்டியைத் திறந்து தானாகக் கற்றுக்கொள்ளும் நிலை வந்தது.

பெயரும் பங்கும்

இதுவரை சொன்னது இனிமையான பகுதி. வணிகமாக மாறியபோது கசப்பும் சேர்ந்தே வந்தது.

1974-ஆம் ஆண்டுப் பெட்டியின் மேல் கைகாக்ஸ், ஆர்னெசன் இருவர் பெயரும் இருந்தன. 1977 முதல் நிறுவனம் 'அட்வான்ஸ்டு' என்ற அடைமொழியோடு புதிய நூல் வரிசையைக் கொண்டுவந்தது. அது வேறு படைப்பு, அதற்கு ஆர்னெசனுக்கு உரிமைத்தொகை தர வேண்டியதில்லை என்பது நிறுவனத்தின் நிலை. ஆர்னெசன் 1979-இல் வழக்குத் தொடர்ந்தார். 1981-இல் சமரசமாக முடிந்தது. யாருடைய பங்கு அதிகம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஒருவர் ஆடி உருவாக்கினார், மற்றவர் எழுதி உருவாக்கினார். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, ஆட்டம் காற்றில் கரைந்துவிடுகிறது. எனவே ஆடி உருவாக்கியவரின் பங்கைத் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதி வைக்காவிட்டால் பின்னால் அதை நிறுவுவது கடினம்.

டான் கே 1975 ஜனவரியில் 36 வயதில் மாரடைப்பால் இறந்தார். விளையாட்டின் பெரும் வெற்றியை அவர் பார்க்கவே இல்லை. கூட்டாண்மை கலைந்து, அதே ஆண்டில் புதிய நிறுவனம் உருவானது. அதில் பெரும்பான்மைப் பங்கு புளூம் குடும்பத்திடம் போயிற்று. கடைசியில் 1985-இல் கைகாக்ஸே நிறுவனத்தின் கட்டுப்பாட்டை இழந்தார். அந்த நிறுவனம் கடனில் மூழ்கி 1997-இல் 'விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1999-இல் அதை ஹாஸ்ப்ரோ வாங்கியது.

பிறர் படைப்பிலிருந்து எடுத்தாள்வதிலும் ஒரு பாடம் உண்டு. முதல் பதிப்பில் டோல்கீனின் கதைகளில் வரும் 'ஹாபிட்', 'என்ட்' என்ற பெயர்கள் அப்படியே இருந்தன. உரிமையாளர்கள் தரப்பிலிருந்து சட்ட எச்சரிக்கை வந்ததும் 'ஹாஃப்லிங்', 'ட்ரீயன்ட்' என்று மாற்றினார்கள். நண்பர்களுக்குள் ஆடும்வரை யாரும் கேட்கவில்லை. விலை போட்டதும் கேட்டார்கள்.

இன்னொரு திருப்பமும் நடந்தது. 2000-இல் விசார்ட்ஸ் நிறுவனம் அடிப்படை விதிகளைப் பிறரும் தங்கள் படைப்புகளில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று திறந்த உரிமம் ஒன்றை வெளியிட்டது. பல சிறு படைப்பாளிகள் அதை நம்பித் தொழில் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் அதை மாற்ற முயன்றபோது ஆட்டக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நிறுவனம் பின்வாங்கியது. அடிப்படை விதித் தொகுப்பு 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வெளியானது. உருவாக்கியவரின் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்பது அந்த உரிமத்தின் சாரம்.

நாம் செய்யக்கூடியவை

அரசுப் பணியாளர்களாகிய நாம் முன் அனுமதி இல்லாமல் வணிகத்தில் ஈடுபடக்கூடாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 அதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆகவே கடையில் விற்பதற்கு யோசனை சொல்ல நான் வரவில்லை. நம் விளையாட்டு அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும், நமக்குப் பின்னால் வருபவர் கையிலும் நடக்க வேண்டும். அதற்கு விற்பனைப் பொருளுக்குத் தேவையான அதே கறார் நம் எழுத்திலும் வேண்டும். நான்கு வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, எழுதுங்கள். விதியை மட்டுமின்றி, நாம் வாயால் சொல்வதையும் எழுதுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், முதலில் என்ன சொல்லித் தொடங்க வேண்டும், இரண்டு குழுக்கள் சமமாக முடித்தால் என்ன செய்வது, மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு எந்த அட்டையைக் கொடுப்பது. ஒரு சுற்று ஆட்டம் நடப்பதை உரையாடலாகவே எழுதிச் சேர்த்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

இரண்டு, வாயை மூடிக்கொண்டு சோதியுங்கள். குறுவள மையக் கூட்டத்துக்கு உங்கள் அட்டைகளையும் எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். அந்தப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியரிடம் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் 'அது அப்படியில்லை' என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வரைவில் அங்கே ஒரு வரி கூட வேண்டும். கைகாக்ஸ் தம்மைப் போலவே விவரம் தெரிந்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டதால்தான் ஹோம்ஸ் தேவைப்பட்டார். நாம் விவரம் தெரியாதவரிடம் கேட்போம்.

மூன்று, பொருளை எளிதாக்குங்கள். லேமினேஷன் செய்த வண்ண அட்டை நம் பள்ளியில் இருக்கலாம். மலைக்கிராமத்து ஓராசிரியர் பள்ளியில் இருக்காது. காலண்டர் அட்டை, புளியங்கொட்டை, சோழி ஆகியவற்றால் நடக்குமா என்று பாருங்கள். பகடை இல்லாவிட்டால் சீட்டு என்று மாற்றுவழியையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

நான்கு, பெயர்களை எழுதுங்கள். விளையாட்டை முதலில் யோசித்தவர், திருத்தியவர், படம் வரைந்த மாணவர் என்று ஒருவரையும் விடாமல் தாளின் அடியில் எழுதுங்கள். மாற்றிப் பயன்படுத்தலாம், பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்றும் ஒரு வரி சேருங்கள். யாரோ செய்த டி.எல்.எம்.மை வேறு யாரோ கண்காட்சியில் தமது என்று வைத்துப் பரிசு வாங்கும்போது ஏற்படும் மனவருத்தம் இங்கே பலருக்குத் தெரியும். அந்த வருத்தம் வந்தவர் அதன்பிறகு எதையும் பகிர மாட்டார். இழப்பு அவருக்கு மட்டுமல்ல, அந்த வட்டாரத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான்.

பிளாக்மூரை ஆர்னெசன் நடத்திய மேசையில் ஆடும் வாய்ப்பு ஒரு சிலருக்கே கிடைத்தது. எழுதப்பட்டபின் அந்த விளையாட்டை அவரைப் பார்த்தே அறியாத கோடிக்கணக்கானோர் ஆடுகிறார்கள். கைகாக்ஸ் 2008-இலும் ஆர்னெசன் 2009-இலும் மறைந்தார்கள். ஆட்டம் நிற்கவில்லை.

அடுத்த மாறுதல் கலந்தாய்வுக்கு முன் உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். எந்த விளையாட்டில் பிள்ளைகள் அதிகம் கற்றார்களோ, அந்த ஒன்றை மட்டும் எடுத்து இரண்டு பக்கம் எழுதி அட்டைகளோடு சேர்த்து வையுங்கள். அடுத்து வரும் ஆசிரியர் உங்களைத் தொலைபேசியில் கூப்பிடாமலே அதை நடத்தினால், எழுத்து சரியாக அமைந்துவிட்டது என்று பொருள்.